தண்ணீரில் இரண்டு நாள்

“நான் தண்ணி ஊத்தாம இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?”

கேட்டவர் தெய்வசிகாமணி. வயது ஐம்பத்தேழு. துறையூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர்.

கேட்கப்பட்டவர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. திருச்சியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுத்து அனுப்பும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவார்.

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் குருவுக்கு நகக்கண்ணெல்லாம் ஊதா. சாயம் ஏறிப்போனது. எந்த சோப்புக்கும் போகாது.

“உக்காருங்க சார்.”

“பதில்?”

“கைல வேலை இருக்கு.”

அவர் உட்கார்ந்தார். ஜெசிந்தா எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினார். மெழுகுக் கட்டியிலிருந்து வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஒரு நாடா இறங்கி வந்தது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டார். மறுபடி சுற்றினார். அரை மணி நேரம் இப்படியே போனது.

நடந்த விஷயம் இதுதான்.

போன வருஷம் ஆவணியில் தெய்வசிகாமணியின் மனைவி வடிவாம்பாளுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. துறையூரில் ஒரு நர்சிங் ஹோமில் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். சின்ன பாட்டிலில், சதை கெடாமல் காக்கிற பார்மலின் ஊற்றி, துண்டை அதில் போட்டு, “திருச்சி லேப்புல குடுத்துட்டு வந்துருங்க” என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் இது சகஜம். நோயாளியின் சதையை நோயாளியின் சொந்தக்காரர்தான் பஸ்ஸில் சுமந்துகொண்டு போவார்.

பஸ்ஸில் கூட்டம். மூடி சரியாக இறுகவில்லை. பார்மலின் கசிந்தது. சுற்றி இருந்தவர்களுக்குக் கண் எரிந்தது.

“என்ன சார் வச்சிருக்கீங்க? கொடலப் பொரட்டுது” என்று ஒரு அம்மாள் சத்தம் போட்டார். என்ன வைத்திருக்கிறார் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக் குழாயடிக்குப் போனார். பார்மலினைக் கொட்டினார். பாட்டிலையும் துண்டையும் சுத்தமாக அலசினார். பையிலிருந்த குடிதண்ணீரை ஊற்றி, மூடியை நன்றாக இறுக்கினார்.

அன்று சனிக்கிழமை. அவர் போய்ச் சேர்வதற்குள் கவுண்டர் மூடிவிட்டது. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையில்தான் பாட்டிலைக் கொடுத்தார். துண்டு தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தது.

இதில் பெரிய கொடுமை, அவர் நடத்துகிற பாடம். இருபத்தெட்டு வருஷமாக, ஒவ்வொரு ஜூலையும், உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டுக் காட்டி சவ்வூடு பரவல் நடத்துகிறவர் அவர். வெறும் நீரில் இட்ட விலங்கு செல் நீரை உள்ளே இழுத்து வீங்கி வெடிக்கும் என்று பிள்ளைகளைப் பத்து தடவை எழுதவைத்தவர். செல்லின் படத்தில் பாகம் குறிக்கிற கோட்டை ஸ்கேல் வைத்துப் போடாவிட்டால் அரை மதிப்பெண் வெட்டுவார்.

குழாயடியில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. பாடத்தைப் பரீட்சையோடு மறப்பதில் வாத்தியாருக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை என்று சிரிக்கலாம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. செல்கள் கெட்டுப்போயிருக்கின்றன, நோயைச் சொல்ல முடியவில்லை, இன்னொரு துண்டு அனுப்பவும் என்று இருந்தது.

வடிவாம்பாள் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“லேப்புல கெடுத்துட்டு இன்னொரு தடவ அறுக்கச் சொல்லுவாங்களா? யாரோ பண்ணுன தப்புக்கு நான் எதுக்குக் கழுத்தக் காட்டணும்? இப்ப வலிக்கவா செய்யுது? விடுங்க.”

அவர் விட்டார்.

தை மாதம் கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்தபோது மறுபடி எடுத்தார்கள். புற்றுநோய். அதற்குள் வயிறு வரை இறங்கியிருந்தது. சித்திரையில் வடிவாம்பாள் போய்விட்டார்.

ஆடியில் மகள் சுபத்ரா ஓசூரிலிருந்து பரிசோதனைக் கூடத்து டாக்டருக்கு ஒரு புகார் எழுதினாள். அம்மாவின் துண்டைக் கெடுத்தவர் யாரோ அவரை வேலையை விட்டு நீக்கவேண்டும் என்று கேட்டிருந்தாள். கீழே அப்பாவின் கையெழுத்தும் வேண்டும் என்றாள். தெய்வசிகாமணி கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கை நடுங்கவில்லை. அதுதான் பிறகு அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

புரட்டாசியில் திருச்சிக்கு பஸ் ஏறி, அந்தத் துண்டைச் சீவியவர் யார் என்று கவுண்டரில் கேட்டு உள்ளே வந்தார். தண்ணீர் ஊற்றியதை முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது ஜெசிந்தாவிடம்தான். புகாரைப் பற்றி மூச்சு விடவில்லை. புகார் டாக்டரோடு நின்றிருக்கும், இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார். வாத்தியார் புத்தி.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு தகட்டை வைத்தார்.

“பாருங்க. என்ன தெரியுது?”

“செல்தான். உயிரினங்களின் அமைப்பு மற்றும் செயல் அலகு. வெளியில பிளாஸ்மா சவ்வு, உள்ள சைட்டோபிளாசம், நடுவுல உட்கரு, அப்புறம் மைட்டோகாண்ட்ரியா, கோல்கை...”

“மைட்டோகாண்ட்ரியா இதுல தெரியாது சார். அவ்வளவு பெருசாக் காட்டாது.”

அவர் வாயை மூடினார்.

“பாடம் கேக்கல. என்ன தெரியுதுன்னு கேட்டேன்.”

அவர் மறுபடி குனிந்தார். பள்ளியில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பீரோவில் பூட்டியே வைத்திருந்தார்கள். அவர் இத்தனை வருஷமும் செல்லைப் பார்த்தது கரும்பலகையில், தானே வரைந்தபோதுதான்.

வெகுநேரம் பார்த்தார்.

“ரோஸ் கலரா இருக்கு. அங்கங்க ஊதாப் புள்ளி. ஒன்னையொன்னு ஒட்டிக்கிட்டு... எடமே விடாம இருக்கு.”

“யாரோடது தெரியுமா?”

“தெரியல.”

“ஒரு லாரி டிரைவர். கால் மரு. அடுத்த சனிக்கிழம வாங்க.”

“என் கேள்விக்கு நீங்க...”

ஜெசிந்தா திரும்ப எந்திரத்துக்குப் போய்விட்டார்.

*

அடுத்த சனிக்கிழமை.

“பொழச்சிருப்பாளா?”

“வெரல நீட்டுங்க.”

நீட்டினார். ஜெசிந்தா ஊசியால் சுருக்கென்று குத்தினார். இரண்டு கண்ணாடிக் குழாயில் தலா ஒரு சொட்டு ரத்தம் விட்டார். ஒன்றில் அளவாய் உப்புப் போட்ட தண்ணீர். இன்னொன்றில் வெறும் தண்ணீர்.

உப்புத் தண்ணீர் கலங்கலாகச் சிவந்தது. வெறும் தண்ணீர் ரோஸ்மில்க்குக்குப் பால் ஊற்றுமுன் இருக்குமே, அப்படித் தெளிவாகச் சிவந்தது. பின்னால் பிடித்த செய்தித்தாளைப் படிக்கலாம் போலிருந்தது.

முதல் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

“வட்ட வட்டமா இருக்கு. நெறைய. ஓரம் தடிச்சு, நடுவுல கொஞ்சம் வெளிறி.”

இரண்டாவது குழாய்.

அவர் தகட்டை நகர்த்தினார். இந்தப் பக்கம் தள்ளினார். அந்தப் பக்கம் தள்ளினார்.

“ஒன்னுமில்ல.”

“நல்லாப் பாருங்க.”

“இல்லம்மா. ஒன்னுமே இல்ல.”

“எத்தன நேரமாச்சு தண்ணில விட்டு?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம்.

“எனக்குத் தெரியும்மா. இதத்தான் வருஷா வருஷம் நடத்துறேன்” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

“நடத்துனீங்க. பாத்தது இன்னைக்கு.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு, வகுப்பில் அடிவாங்கிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

*

மூன்றாவது சனிக்கிழமை அவர் கேள்வி கேட்கவில்லை. ஜெசிந்தாவே ஒரு தகட்டை வைத்தார்.

“இது நல்ல தோல். இதுல எத்தன செல்லு ரெண்டாப் பிரியுதுன்னு எண்ணுங்க.”

“எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“உட்கரு வட்டமா இருக்காது. கலைஞ்சிருக்கும். கறுப்பு நூலு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு எதுத்தாப்புல நிக்கும்.”

அவர் எண்ணினார். ஒரு மணி நேரம் ஆனது. கழுத்து வலித்தது.

“மூனு.”

“நல்ல செல்லு அப்படித்தான். தேவைன்னாதான் பிரியும். போதும்னா நிறுத்திக்கும்.”

இன்னொரு தகட்டை வைத்தார்.

“இப்ப எண்ணுங்க.”

அவர் எண்ண ஆரம்பித்தார். ஏழு. பன்னிரண்டு. தகட்டை ஒரு நூலளவு நகர்த்தினார். இருபது. நிறுத்திவிட்டார்.

“எண்ண முடியல. எங்க பாத்தாலும் இருக்கு. யாரு இது?”

ஜெசிந்தா பதில் சொல்லாமல் நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“தையில எடுத்ததா?”

“ஆமா சார்.”

வடிவாம்பாளோடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவர். இவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்த்ததில்லை. அழுகை வந்தது. அழுதார். ஜெசிந்தா சக்கரத்தைச் சுற்றப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

“ஆவணில எடுத்தது இருக்கா?”

“இருக்கு.”

“காட்டும்மா.”

மூன்றாவது தகட்டை வைத்தார்.

ரோஸ். வெறும் ரோஸ். விடியற்காலை மூடுபனி மாதிரி ஓரம் தெரியாத ரோஸ். ஊதாப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

“உட்கரு எங்க?”

“கரைஞ்சிருச்சு.”

“தண்ணியாலயா?”

“தண்ணி வீங்க வச்சுது. மிச்சத்த அதுவே பண்ணிக்கிச்சு.”

“லைசோசோம்” என்றார் மெதுவாக. “தற்கொலைப் பைகள். ரெண்டு மதிப்பெண் கேள்வி.”

“அந்தப் பேரு தப்பு சார். உசுரோட இருக்கிற வரைக்கும் உள்ள சேர்ற குப்பையெல்லாம் அதுதான் கரைச்சு எடுக்குது. அதனாலதான் செல்லு ஓடுது. செல்லு செத்தா பையி ஒடையுது. அப்புறம் வீட்டையே தின்னுருது. பார்மலின்ல போட்டா அந்த நிமிஷத்தோட எல்லாம் நின்னுரும். அப்படியே இருக்கும், எத்தன வருஷம் கழிச்சும் பாக்கலாம்.”

அவர் தகட்டை நகர்த்திப் பார்த்தார்; அங்கேயும் ரோஸ்தான்.

“ஆவணில எத்தன செல்லு பிரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எந்த வேகத்துல போச்சு, எந்த மருந்து கேட்டிருக்கும். ஒங்க கேள்விக்குப் பதில் இதுலதான் சார் இருந்துச்சு. இப்ப இல்ல.”

“அப்ப யாராலயும் சொல்ல முடியாதா?”

“முடியாது.”

வெளியே யாரோ கவுண்டரில் ரசீது கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த ரோஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாத்தத்துல கெடக்கக் கூடாதுன்னு நெனச்சேம்மா” என்றார். “அவ சுத்தம் பாக்கறவ. அவ மேலருந்து எடுத்தது அப்படி நாறிக்கிட்டு, எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு... எனக்குத் தாங்கல. அதான் கழுவுனேன்.”

“பாட்டில்ல ஒரு சீரகம் கெடந்துச்சு.”

அவர் நிமிர்ந்தார்.

“அன்னைக்கே பாத்தேன்” என்றார் ஜெசிந்தா. “மூடியத் தொறந்தேன். கண்ணு எரியல. அடியில ஒரு சீரகம்.”

“சீரகத் தண்ணி. காலையில ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அவளே காய்ச்சி எனக்கு ஊத்திக் குடுத்தது.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அப்ப ஆரம்பத்துலயே தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“பின்ன ஏன் அன்னைக்கே சொல்லல?”

ஜெசிந்தா ஊதா நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

“அதத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன் சார். தண்ணில வந்தா கவுண்டர்லயே நிறுத்தணும். அந்த நிமிஷமே அனுப்புன டாக்டருக்குப் போன் போடணும். அதான் முறை. அன்னைக்கு நாப்பது பாட்டில். ஏதாவது ஒரு ஓரம் தப்பிச்சிருக்கும், போட்டுத்தான் பாப்போமேன்னு வரிசையில போட்டுட்டேன். முடிவு வெள்ளிக்கிழமதான் வந்துச்சு.”

“திங்கக்கிழம அவ ஆஸ்பத்திரிலதான் இருந்தா. சுகரு கூடிருச்சுன்னு புதன் வரைக்கும் வச்சிருந்தாங்க.”

“அங்கேயே இருக்கும்போது கேட்டிருந்தா ஒருவேள சம்மதிச்சிருப்பாங்க. வீட்டுக்குப் போனப்புறம் யாரு வருவா?” ஜெசிந்தா மூக்கை உறிஞ்சினார். “தண்ணில கெடந்த ரெண்டு நாளு ஒங்களுது. வரிசையில கெடந்த நாலு நாளு என்னுது.”

குரு என்றால் கலங்காமல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இந்த இடத்தில்தான் ஜெசிந்தா மீது மரியாதை வந்தது.

பிறகு அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

“திங்கக்கிழம டாக்டர்ட்ட குடுக்கணும். விளக்கம் கேட்டிருக்காரு. ஒங்க பொண்ணோட புகாருக்கு.”

தெய்வசிகாமணிக்கு முகம் வெளுத்தது. தாளை வாங்கினார். இரண்டே வரி. பாட்டில் தண்ணீருடன் வந்தது. அதை உடனே தெரிவிக்காமல் பரிசோதனை வரிசையில் சேர்த்தது என் தவறு. கீழே கையெழுத்து.

“புகாருல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“பாத்தேன் சார். நீங்க மொத மொத வந்து பேரு சொன்னப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா என்ன உக்காரச் சொன்னீங்க?”



அவர் தாளை மறுபடி படித்தார்.

“வேலை போயிருமேம்மா. தண்ணி யாரு ஊத்துனதுன்னு இதுல எழுதலையே? நான்தான் மொத நாளே வந்து சொன்னேனே.”

ஜெசிந்தா தாளை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து, டிராயரில் வைத்தார்.

“எங்கிட்ட சொன்னீங்க.”

அவ்வளவுதான். போய் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

தெய்வசிகாமணி எழுந்தார். கதவு வரைக்கும் போனார். திரும்பி வந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரே மகள். அம்மா போன பிறகு தினம் இரண்டு வேளை கூப்பிட்டு, மாத்திரை போட்டாரா என்று கேட்கிற மகள். இதைச் சொன்னால் அந்த இரண்டு வேளையும் போய்விடும் என்று பயமாக இருந்தது. பயத்தோடேயே அழுத்தினார்.

“சொல்லுங்கப்பா. சாப்டீங்களா?”

“சுபத்ரா, அம்மாவோட துண்டு கெட்டுப்போனது லேப்புல இல்லம்மா.”

“என்னப்பா சொல்றீங்க?”

“நான்தான். பார்மலினக் கொட்டிட்டு நான்தான் தண்ணி ஊத்துனேன்.”

எல்லாவற்றையும் சொன்னார். பஸ், குழாயடி, சீரகத் தண்ணீர், சனியும் ஞாயிறும், கையெழுத்து. இடையில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னார்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

“அம்மாவுக்கு இது தெரியுமாப்பா?”

“தெரியாது.”

“அவங்க ரெண்டாவது தடவ முடியாதுன்னு சொன்னப்பகூட நீங்க சொல்லலையா?”

“தைரியம் வரலம்மா. கோவிச்சுக்குவாளேன்னு...”

“கோவிச்சிருப்பாங்க.” சுபத்ராவின் குரல் உடைந்தது. “ரெண்டு நாள் ஒங்ககிட்ட பேசியிருக்க மாட்டாங்க. மூனாவது நாள், ஒங்க மேல பழி வந்துரக் கூடாதுன்னு, அவங்களே மறுபடி கழுத்தக் காட்டியிருப்பாங்களேப்பா.”